கீட்டன் விழுந்து எழுந்த ஊர்கள்

ஜூலை 21, திங்கள். பிக்வா, கேன்சஸ்

டாலஸிலிருந்து கிளம்பிய விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். ராத்திரி பத்து மணிக்குக் கேன்சஸ் சிட்டியில் இருக்க வேண்டிய நாங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கினோம். வாடகைக் கார் கவுன்ட்டரில் ஆள் இல்லை, ஆறு மணிக்குத்தான் வருவார்களாம். மகள் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

அவளுக்குப் பதினோரு வயசு. போன கிறிஸ்துமஸ் லீவில், பேசாப் படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஒன் வீக்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். 1920-ல் வந்த இருபது நிமிஷப் படம், பேச்சே கிடையாது. புதுசாகக் கல்யாணமான ஜோடி தாங்களே பொருத்திக் கட்டும் வீடு கோணல்மாணலாக வந்து நிற்கும். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “இவர் மட்டும் ஏம்ப்பா சிரிக்கவே மாட்டேங்கறார்?” என்று கேட்டாள். வாயால் சொல்வதைவிட, அவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்கிக் காட்டலாம் என்று தோன்றியது. அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

கேன்சஸ் சிட்டியிலிருந்து தெற்கே 169-ம் எண் சாலை. இரண்டு பக்கமும் சோளமும் சோயாவும் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. காலை பத்து மணிக்கே வெயில் 35 டிகிரி. எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாரும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இரண்டு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்கிறார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கு கிடையாது. ஒரு மணி நேரத்தில் மகளும் பக்கத்து இருக்கையிலிருந்து விரல் தூக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிக்வா சின்ன ஊர். தானியக் கிடங்கு, பெரிய கத்தோலிக்கத் தேவாலயம், சில வீடுகள், அவ்வளவுதான். கீட்டன் அருங்காட்சியகம் கிராமக் குடிநீர் வாரிய அலுவலகக் கட்டடத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர்க் கட்டணம், மறு பக்கம் படங்கள், சுவரொட்டிகள், தொப்பி. அங்கிருந்த அம்மா எங்கே இருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, முதலில் ஆளுக்கு ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். கட்டணம் எதுவும் கேட்கவில்லை. நன்கொடை டப்பாவில் பத்து டாலர் போட்டேன்.

கீட்டன் இங்கே பிறந்தது 1895 அக்டோபர் 4. அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் மருந்து விற்கும் நாடகக் கூட்டம் ஒன்றோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள். நம் ஊர்ச் சந்தைகளில் வித்தை காட்டி லேகியம் விற்பார்களே, அதே தொழில்தான். ஜோ குட்டிக்கரணம் போடுவார், உயரமாக உதைப்பார். மைரா பின்னாளில் மேடையில் சாக்ஸஃபோன் வாசித்த மிகச் சில பெண்களில் ஒருவர். பிக்வாவைக் கடந்து போகிற வழியில் பிரசவ வலி வந்தது, பிள்ளை பிறந்தது, தாய்க்கு உடம்பு தேறியதும் கிளம்பிவிட்டார்கள். ஆனாலும் இந்த ஊர் அவரைத் தன் பிள்ளையாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு போட்டோவின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அப்பாவும் பிள்ளையும் ஒரே வேஷத்தில் இருக்கிறார்கள். வழுக்கைத் தலை விக், காதோரத்தில் ஒட்டுத்தாடி, தொளதொளவென்று கால்சட்டை. பிள்ளைக்கு ஐந்தாறு வயசுதான் இருக்கும். முகத்தில் மட்டும் நாற்பது வயசுக்காரரின் நிதானம்.

‘மூன்று கீட்டன்கள்’ என்று வாட்வில் மேடைகளில் (பாட்டு, நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்த கதம்ப நிகழ்ச்சிகள்) அவர்கள் நடத்திய நிகழ்ச்சியின் கதை எளிமையானது. பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று அப்பா சபைக்கு உபதேசம் செய்வார். பிள்ளை பின்னால் வந்து குறும்பு செய்யும். அப்பா தூக்கி எறிவார். உடையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள், அதைப் பிடித்துப் பின்திரை மேலே, வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்திலே, சில நாள் சபைக்குள்ளேயே வீசுவார். ‘மனிதத் துடைப்பம்’ என்று விளம்பரம். நியூயார்க்கில் குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் திரும்பத் திரும்ப வழக்குப் போட்டது. சட்டையைக் கழற்றிக் காயம் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. தசையை இறுக்காமல் உடம்பைத் தளரவிட்டு, ஒரு கையையோ காலையோ முதலில் ஊன்றி விழுகிற வித்தை அவருக்கு அந்த வயசிலேயே கைவந்திருந்தது. 1907-ல் இரண்டு வருஷம் நியூயார்க் மேடைகளில் ஏறக் கூடாது என்றே தடை போட்டார்கள்.

மகளின் கேள்விக்குப் பதிலும் அந்த மேடையில்தான் இருக்கிறது. விழுந்து எழுந்து அவர் சிரித்தால் சபை சிரிக்கவில்லை. ஒன்றுமே நடக்காதது போல முகத்தை வைத்துக்கொண்டால் கொட்டகையே அதிர்ந்தது. பிள்ளை பல்லைக் காட்டினால் “மூஞ்சி, மூஞ்சி” என்று அப்பா காதோரம் அதட்டுவாராம். பத்து வயசுக்குள் அது அவருடைய முகமாகவே ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவள், “அடிச்சு அடிச்சு வளர்த்தாரா அப்போ?” என்றாள். மேடையில் நடந்ததை அடி என்று தான் நினைத்ததில்லை என்றுதான் கீட்டன் கடைசி வரை சொன்னார். நான் அவர் சொன்னதையும் மதிக்கிறேன், சங்கத்துக்காரர்கள் கவலைப்பட்டதும் நியாயம் என்றே நினைக்கிறேன். இரண்டையும் அவளிடம் சொன்னேன்.

மதியச் சாப்பாடு பக்கத்து ஊர் அயோலாவில். பொரித்த கோழி, மசித்த உருளைக்கிழங்கு, வெள்ளைக் குழம்பு, ரொட்டி, எல்லாம் சேர்த்து 13 டாலர். தட்டில் இருந்ததை எங்கள் இரண்டு பேராலும் முடிக்க முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய். வழியில்

விமானத்தில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட், அங்கிருந்து காரில் தெற்கே இரண்டரை மணி நேரம். இந்தத் தடவை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. யூஜீனில் பெட்ரோல் போட்டேன், காலன் 4 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, டெக்ஸஸ்காரனுக்கு நெஞ்சு வலிக்கிற விலை.

வழியெல்லாம் 1917-ஐப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். ஜோவின் குடி முற்றிப்போன வருஷம் அது. போதையில் இருப்பவர் கையால் தூக்கி எறியப்படுவது உயிருக்கே ஆபத்து. பிப்ரவரியில் மைராவும் மகனும் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டார்கள். பஸ்டருக்கு இருபத்தொரு வயசு. நியூயார்க்கில் பெரிய மேடைக் கம்பெனி ஒன்று வாரம் 250 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஒத்திகை தொடங்கும் முன்பே, கிழக்கு 48-வது தெருவில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோவுக்கு ஒரு நண்பரோடு போனார். கேமராவைத் திறந்து உள்ளே படச்சுருள் எப்படி ஓடுகிறது, வெட்டி எப்படி ஒட்டுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, வாரம் 40 டாலருக்குச் சினிமாவில் சேர்ந்துவிட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பள்ளிக்கூடத்துக்குத் தான் போனது ஒரே ஒரு நாள்தான் என்று சொன்ன மனிதர், இயந்திரம் ஒன்றைக் கண்டதும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடவில்லை.

காட்டேஜ் க்ரோவ் வந்து சேர்ந்தபோது எட்டரை மணி, இன்னும் வெளிச்சம். மோட்டல் 118 டாலர். அறையில் ஏசி இரைச்சல் தாங்கவில்லை, நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து படுத்தோம்.

ஜூலை 23, புதன். ரௌ ஆறு, ஓரிகன்

இதே தேதியில், 1926-ல், காட்டேஜ் க்ரோவ் ஊரே லீவு விட்டு ரௌ ஆற்றங்கரைக்குப் போனது. மூவாயிரம், நாலாயிரம் பேர் இருக்கும் என்று கணக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடக்கும் கதையான கீட்டனின் ‘ஜெனரல்’ படத்துக்காக, எரிகிற மரப்பாலத்தின் மேலே ஓடும் நிஜ ரயில் எஞ்சின் பாலத்தோடு ஆற்றில் விழுகிற காட்சி. மாதிரிப் பொம்மை வைத்து எடுத்திருக்கலாம். கீட்டன் மறுத்துவிட்டார். செலவு 42,000 டாலர், பேசாப் பட யுகத்திலேயே அதிகச் செலவில் எடுத்த ஒற்றைக் காட்சி என்று சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும் என்பதால் பல கேமராக்களை நிறுத்தினார்கள். எஞ்சினில் ஓட்டுநருக்குப் பதில் ஒரு பொம்மை. அது நிஜ ஆள் என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் அலறியிருக்கிறார்கள்.

படப்பிடிப்பு நடந்த ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை. ஊரிலிருந்து கல்ப் க்ரீக் வரை சுமார் 16 மைல். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள், ரயில் பாதை என்பதால் ஏற்றம் மிகக் குறைவு. சைக்கிள் வாடகை ஆளுக்கு 35 டாலர், காரின் பின்னால் மாட்டும் கம்பியும் கொடுத்தார்கள். டொரீனா மூடுபாலம் வரை காரில் போய் அங்கிருந்து மிதித்தோம். மூடுபாலம் என்றால் கூரையும் சுவரும் வைத்த மரப்பாலம். மழை அதிகமான ஊர், பாலத்தின் மரம் மக்கிப்போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. சுற்று வட்டாரத்தில் இப்படிப் பல இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் வெளியே இருக்கிற வெயில் சட்டென்று விலகி, பழைய மர வாசனை வருகிறது.

கொஞ்ச தூரத்திலேயே மகளின் பின்சக்கரம் காற்றுப் போயிற்று. பாதையோரம் முழுக்க ப்ளாக்பெர்ரி முட்புதர். டயரில் ஏறியிருந்த முள் என் நகத்தளவு இருந்தது. கடைக்காரர் பம்பும் கொடுக்கவில்லை, ஒட்டும் கொடுக்கவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தபோது எழுபது வயசு மதிக்கத்தக்க தம்பதி எதிரே வந்தார்கள். கணவர் ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ட்யூபை உருவி உதட்டருகே வைத்து, காற்று எங்கே வருகிறது என்று கண்டுபிடித்தார். அந்த அம்மா டப்பாவில் வைத்திருந்த செர்ரிப் பழத்தை மகளுக்கு நீட்டினார். ஒட்டுப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம். பணம் கொடுத்தேன், இரண்டு பேரும் சேர்ந்தே கையை விலக்கினார்கள்.

எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எஞ்சின் விழுந்த பிறகு அதை யாரும் எடுக்கவில்லை, பல வருஷம் ஆற்றிலேயே கிடந்தது, இரண்டாம் உலகப் போர் சமயத்தில்தான் பழைய இரும்புக்காக வெட்டி எடுத்தார்கள் என்று படித்திருந்தேன். “என் அப்பா அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறார். துருப் பிடித்த இரும்பில் முட்டியைக் கிழித்துக்கொண்டு வீட்டில் உதை வாங்கினாராம்” என்றார் அவர்.

கல்ப் க்ரீக்கில் பாதை முடிகிறது. ஆறு சின்னது. இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். திரையில் அகலமாக, ஒரு படையே இறங்கிக் கடக்கிற ஆறாகத் தெரியும். நேரில், ஜூலை மாசத்தில், முழங்கால் அளவுத் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. கரை வரை டக்ளஸ் ஃபர் மரங்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள், ஒரு நிமிஷத்தில் குளிர் தாங்காமல் ஏறிவந்தாள். “நிஜமாவே இதுல ரயிலைத் தள்ளினாங்களாப்பா?”

தள்ளினார்கள். ஏன் நிஜமாகவே செய்தார் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அங்கே பாறையில் உட்கார்ந்திருந்தபோது அது இன்னும் உறுதியானது. வாட்வில் சபை பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே பொய்யாக விழுந்தால் முதல் வரிசைக்காரனுக்கே தெரிந்துவிடும். மூன்று நாலு வயசிலிருந்து அந்தச் சபையின் முன்னால் வளர்ந்தவர், கேமராவையும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரசிகனாகத்தான் பார்த்தார். அதனால்தான் பெரிய சாகசங்களை வெட்டி வெட்டிக் காட்டாமல், தலையிலிருந்து கால் வரை முழு உடம்பும் தெரிய ஒரே ஷாட்டில் எடுத்தார்.

இந்தப் படத்திலேயே, காதலி விரட்டிவிட்ட சோகத்தில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் நீளக் கம்பியில் போய் உட்காருவார். எஞ்சின் மெல்ல நகரும். கம்பி அவரை மேலே தூக்கும், கீழே இறக்கும், அவர் கவனிக்கவே மாட்டார். ஓட்டுநர் கொஞ்சம் கூடுதலாக நீராவி விட்டிருந்தால் சக்கரம் வழுக்கிச் சுற்றி ஆளை வீசியெறிந்திருக்கும். இன்னொரு இடத்தில் எஞ்சினின் முன்பக்கச் சட்டத்தில் உட்கார்ந்து, மடியில் இருக்கிற மரக்கட்டையை எறிந்து, தண்டவாளத்தில் கிடக்கும் இன்னொரு கட்டையை எம்பி விழ வைப்பார். தவறினால் தடம் புரளும். சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றைப் பிசைகிறது.

திரும்பும்போது மூன்று மணி, 34 டிகிரி. மகள் சோர்ந்துவிட்டாள். ஏரிக்கரை நிழலில் கொண்டுபோன தயிர் சாதத்தை முடித்துவிட்டு அரை மணி படுத்திருந்தோம்.

ஜூலை 24, வியாழன். காட்டேஜ் க்ரோவ்

மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் சுவர் முழுக்கக் கீட்டனும் எஞ்சினும் ஓவியமாக நிற்கிறார்கள். எதிரே இருந்த உணவகத்தில் மேரியன்பெர்ரி பை, ஒரு துண்டு 6 டாலர். ஓரிகனிலேயே உருவாக்கிய பழவகை, ஜூலையில்தான் புதுசாகக் கிடைக்கும். புளிப்பும் இனிப்பும் சரிபாதி. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதில் இதுதான் முதலிடம்.

பரிமாறிய பெண்ணிடம், இங்கேதான் ஜார்ஜியா மாநிலத்து மரியெட்டா நகரத்தை செட் போட்டார்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். படத்தில் இரண்டு பக்கப் படையாகவும் ஓடுபவர்கள் ஓரிகன் தேசியக் காவல் படைக்காரர்கள் என்று அவரே சொன்னார். நீலச் சட்டை போட்டு ஒரு பக்கம் ஓடுவார்கள், சாம்பல் சட்டைக்கு மாறி மறு பக்கம் ஓடுவார்கள். விறகில் ஓடும் எஞ்சின் கக்கிய பொறியால் காட்டில் தீப் பிடித்தபோது, அதே சட்டைகளால்தான் அடித்து அணைத்தார்கள். கீட்டனும் உள்ளாடையோடு நின்று அணைத்திருக்கிறார். ஓய்வு கிடைத்தால் ஊர்க்காரர்களோடு பேஸ்பால்.

இவ்வளவு உழைத்தும் 1927-ல் படம் தோற்றது. விமர்சகர்கள் திட்டினார்கள், போட்ட பணம் வரவில்லை. தன் படங்களிலேயே இதுதான் பிடித்தது என்று அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். 1989-ல் அமெரிக்கா, காத்துவைக்க வேண்டிய படங்களுக்கான தேசிய திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே இது இடம்பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஜூலை 26, சனி. லாஸ் ஏஞ்சலஸ்

காலையில் ஹாலிவுட் குன்றில் உள்ள கீட்டனின் கல்லறைக்குப் போய்வந்தோம். உடுப்பின் ஒரு பையில் ஜெபமாலை, மறு பையில் சீட்டுக்கட்டு வைத்து அடக்கம் செய்தாராம் மனைவி எலினார். எந்தப் பக்கம் போனாலும் தேவைப்படும் என்று.

கவெங்கா தெருவில் ஒரு சந்துக்குப் பேசாப் பட நகைச்சுவை நடிகர்களான சாப்ளின், கீட்டன், ஹெரால்ட் லாயிட் மூவரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். ‘காப்ஸ்’ படத்தில், 1922-ல், போலீஸ் கூட்டம் துரத்த, ஓடும் காரை ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்து, உடம்பு கொடியில் காயும் துணியாகக் கிடையாகப் பறக்கும் காட்சியை எடுத்த இடம். குப்பைத்தொட்டி நாற்றம், மேலே ஏசி இயந்திரங்கள், ஆனால் பழைய செங்கல் இன்னும் இருக்கிறது. பார்க்கிங் 20 டாலர், அந்தச் செங்கலுக்குத் தகும்.

கடைசியாக லில்லியன் வே, எலினார் அவென்யூ சந்திப்பு. 1920 முதல் 1928 வரை அவருடைய ஸ்டூடியோ இருந்த இடம். அதன் நினைவாகப் பட்டயம் ஒன்று பதித்திருக்கிறார்கள். இங்கே இருந்த எட்டு வருஷத்தில்தான் எல்லாமே. ‘ஷெர்லாக் ஜூனியர்’ எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டிக் குழாயின் வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது, தலைவலி என்று நினைத்துக்கொண்டே நடித்தார், பல வருஷம் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் வீட்டின் முன்சுவர் மொத்தமும் சாய்ந்து, மாடி ஜன்னல் அவர் நின்ற இடத்தில் வந்து விழும். இரண்டு பக்கமும் சில அங்குல இடைவெளிதான்.

1928-ல் எம்.ஜி.எம். படக் கம்பெனிக்குப் போனார். போகாதே என்று சாப்ளினும் லாயிடும் சொன்னார்கள். சம்பளம் வாரம் 3,000 டாலர். ஆனால் கதையைக் கம்பெனி எழுதியது, அவர் வசனம் பேசினார். ஆற்றங்கரையில் நின்று ரயிலை விழ வைத்தவரிடம் இனி அனுமதி வாங்கிக்கொள் என்றால் எப்படி? குடி, விவாகரத்து, 1933-ல் வேலைநீக்கம். சில வருஷம் கழித்து அதே கம்பெனியில் மற்றவர்களுக்கு நகைச்சுவைத் துணுக்கு எழுத வாரம் 100 டாலர். இவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தோடு கதையை முடித்து ‘சோகம்’ என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. 1947-ல் பாரிஸின் மெத்ரானோ சர்க்கஸில், ஐம்பது வயசுக்கு மேல், மறுபடியும் சபை முன்னால் விழுந்தார், சபை கொண்டாடியது. தொலைக்காட்சியில் விழுந்தார். 1965-ல் வெனிஸ் பட விழாவில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று இறக்கும் வரை வேலை இருந்தது.

பட்டயத்தை மகள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டடத்துக் காவலாளி வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மெக்சிகோவிலிருந்து வந்தவர், இங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாம். மகள் போனில் ‘ஒன் வீக்’ படத்தைப் போட்டாள். வீடு சூறாவளியில் ராட்டினமாகச் சுற்றும் இடத்தில் அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில் ரயில் வந்து அந்த வீட்டை என்ன செய்கிறது என்று பார்த்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். பக்கத்து வண்டியில் டாக்கோ நன்றாக இருக்கும், பன்றிக்கறியில் கேளுங்கள், 3 டாலர் என்றார். இவர் வேறு என்ன படம் எடுத்தார் என்று கேட்டார். ‘ஷெர்லாக் ஜூனியர்’, முக்கால் மணி நேரம்தான், இன்டர்நெட்டில் இலவசமாகவே இருக்கிறது என்று சொல்லி, பெயரை அவர் போனில் தட்டிக் கொடுத்தாள் மகள். அப்புறம் டாக்கோ வண்டிக்கு நடந்தோம்.